சோழியால் கிரகணம் கணித்தவரும் பிளஸ் டூ இயற்பியலும்

1825-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, ஏடு எதையும் புரட்டாமல் நினைவில் இருந்த வாய்பாடுகளைக் கொண்டே கணித்துக் காட்டினார். இதை நேரில் கண்டு பதிவு செய்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவர். கணிதர் சொன்ன நேரங்களில் கிரகணத்தின் தொடக்கம் ஏறக்குறைய 4 நிமிடப் பிழையுடனும், நடு 23 நிமிடப் பிழையுடனும், முடிவு 52 நிமிடப் பிழையுடனும் அமைந்தன. கணக்கின் பின்னால் உள்ள கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும், நினைவாற்றல் மட்டும் அசாதாரணமானது என்றும் வாரன் எழுதியிருக்கிறார். இதே முறையைப் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றறிந்திருந்தார். 1765-ஆம் ஆண்டு சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்தும், ஐரோப்பாவில் அப்போது சிறந்ததெனக் கருதப்பட்ட மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டியும் சொன்னதாக அவரே குறித்து வைத்திருக்கிறார்.

அந்தக் கணிதரின் திறமை மதிப்புக்குரியது. அவருடைய வாய்பாடுகளுக்கு அடியில் பல தலைமுறைகளின் வான் நோக்கு இருந்தது. கிரகணமும் விதி மாறாமல் திரும்பத் திரும்ப வருவது. கேள்வி மாறாத வரையில், வழிமுறையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் வியக்கத்தக்க அளவுக்குச் சரியான விடையைத் தந்துவிட முடியும். கடலூரிலும் புதுச்சேரியிலும் மேல்நிலை வகுப்புகளில் இயற்பியல் இன்று படிக்கப்படும் விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுக்கு வருகிறார். டெரிவேஷனை ஏழெட்டு முறை எழுதிப் பார்ப்பது, புக் பேக் வினாக்களை வரிசை எண்ணோடு ஒப்பிப்பது, கணக்கு வந்தால் எந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று பழகுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் வருகிறது. அதே மாணவர் நீட் வினாத்தாளின் 45 இயற்பியல் வினாக்களுக்கு முன் உட்காரும்போது, தான் படித்தது வேறு பாடமோ என்று திகைக்கிறார். இதற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் சொல்வது வழக்கம். அது உண்மைக்குப் புறம்பானது என்பது என் உறுதியான கருத்து. காரணம், பாடங்கள் நடத்தப்படும் வரிசையில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் இப்போதைய பாடத்திட்டம் பிளஸ் ஒன் வகுப்புக்கு 2018-19-ஆம் கல்வியாண்டிலும் பிளஸ் டூ வகுப்புக்கு அதற்கு அடுத்த ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. இயற்பியலில் இரண்டு ஆண்டுகளுக்கும் தலா 11 அலகுகள். பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் அலகு அளவீட்டியலையும் இரண்டாம் அலகு இயக்கவியலையும் பேசுகின்றன. இரண்டாம் அலகிலேயே வெக்டர்களும், வகை நுண்கணிதமும், தொகை நுண்கணிதமும் வந்துவிடுகின்றன. இடப்பெயர்ச்சியை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால், அதாவது அது மாறும் வீதத்தைக் கண்டால், திசைவேகம், அதையும் வகையிட்டால் முடுக்கம் என்பது அங்கே அடிப்படை மொழி. பள்ளி ஜூனில் தொடங்கினால், ஆகஸ்டுக்குள் இந்த மொழி மாணவருக்கு வாய்த்திருக்க வேண்டும்.

அதே மாணவரின் கணிதப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், மொத்தம் 12 இயல்களில் வெக்டர் இயற்கணிதம் எட்டாவதாகவும், எல்லைகளும் தொடர்ச்சித் தன்மையும் ஒன்பதாவதாகவும், வகையிடல் பத்தாவதாகவும், தொகையிடல் பதினோராவதாகவும் இருக்கின்றன. அதாவது இயற்பியல் ஆசிரியர் ஜூலையில் கேட்கும் கருவியைக் கணித ஆசிரியர் அரையாண்டுத் தேர்வை ஒட்டித்தான் கையில் கொடுக்கிறார். கணித ஆசிரியர் மீது இதில் குறை இல்லை, ஏனென்றால் அவருடைய பாடத்துக்கு அந்த வரிசையே நியாயமானது. இடைப்பட்ட ஐந்தாறு மாதங்களில் இயற்பியல் படிக்கும் பிள்ளை என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. புரியாத குறியீடுகளை அப்படியே படமாக மனத்தில் பதித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி அதற்கு இல்லை. மனப்பாடப் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது; டிசம்பரில் வகையிடல் புரிந்த பிறகும் அது விலகுவதில்லை, ஏனெனில் அதற்குள் இயக்கவியல், இயக்க விதிகள், வேலையும் ஆற்றலும் எல்லாம் அந்த முறையிலேயே "முடிந்துவிட்டன".

தாவரவியல், விலங்கியல் எடுத்துப் படிக்கும் பியூர் சயின்ஸ் குரூப் மாணவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களுக்குப் பத்தாம் வகுப்போடு கணிதம் முடிந்துவிடுகிறது, பத்தாம் வகுப்பிலோ நுண்கணிதம் கிடையாது. மருத்துவம் படிக்க நினைத்து இந்தக் குரூப்பை எடுப்பவர்களுக்குத்தான் 720 மதிப்பெண்ணில் 180 மதிப்பெண்ணை இயற்பியல் தீர்மானிக்கிறது. இயற்பியல் புத்தகத்தின் இரண்டாம் அலகில் நுண்கணிதத்துக்கென ஒதுக்கப்பட்ட சில பக்கங்கள் இவர்களை எண்ணியே எழுதப்பட்டவை போலத் தோன்றுகின்றன. அந்தப் பக்கங்களிலிருந்து தேர்வில் நேரடியாக வினா வருவது அரிது என்பதால், பல வகுப்புகளில் அவை நடத்தப்படாமலே தாண்டப்படுகின்றன. புத்தகத்தின் மிக முக்கியமான பக்கங்கள் அவைதான் என்பேன்.

கருவி கையில் இருந்தால் என்ன மாறும் என்பதைக் கடலூர் மண்ணிலிருந்தே காட்டலாம். முதல் அலகில், நீளம், நேரம் போன்ற அடிப்படை அளவுகளின் படிகளை ஒப்பிட்டே ஒரு சூத்திரத்தை வருவிக்கும் பரிமாணப் பகுப்பாய்வு என்றொரு பகுதி உண்டு. தனி ஊசலின் அலைவு நேரத்தைப் பரிமாண முறையில் வருவிப்பது அதன் வழக்கமான எடுத்துக்காட்டு. மாணவர்கள் அதை மட்டுமே எழுதிப் பழகுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தையும் கடலூர்க் கடற்கரையின் மற்ற மீனவ ஊர்களையும் தாக்கிய ஆழிப்பேரலையின் வேகத்தை அதே முறையால் வருவிக்க முடியும் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கடலின் ஆழமோ மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆகவே அலைக்குக் கடல் முழுவதுமே ஆழமற்ற குளம். அதன் வேகத்தைத் தீர்மானிக்கக்கூடியவை இரண்டே அளவுகள்: புவியீர்ப்பு முடுக்கமும் நீரின் ஆழமும். முடுக்கத்தின் பரிமாணத்தில் நேரம் எதிர்மறை இரண்டாம் படியில் இருக்கிறது, வேகத்தில் எதிர்மறை முதல் படியில். எனவே முடுக்கத்தின் அடுக்கு அரை. நீளத்தைச் சமன் செய்தால் ஆழத்தின் அடுக்கும் அரை. அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது என்ற முடிவு நான்கு வரிகளில் வந்துவிடுகிறது. மாறிலியின் மதிப்பைப் பரிமாண முறை சொல்லாது. முழுமையான கணக்கில் அது 1 என்று வரும்.

இனி எண்களைப் போடலாம். ஆழம் 3000 மீட்டர் என்றால் வேகம் வினாடிக்கு 171 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 617 கிலோமீட்டர். அன்று நிலநடுக்கம் இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே தொடங்கியது. கடலடியில் ஏற்பட்ட முறிவு வடக்கே நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை நீண்டது. அங்கிருந்து நம் கரைக்குச் சுமார் 1300 கிலோமீட்டர் என்று கொண்டால், அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கரையை ஒட்டிய ஆழமற்ற பகுதியில் வேகம் குறைவதையும் சேர்த்துக்கொண்டால், ஒன்பது மணியை ஒட்டி அலை வந்தது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதோடு கணக்கு பொருந்துகிறது. நீர் 10 மீட்டர் ஆழமாகக் குறையும் இடத்தில் வேகம் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். அலையின் ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. வேகம் குறைந்த அளவுக்கு உயரம் கூட வேண்டும். ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், உயரம் ஆழத்தின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது. ஆழம் 300 மடங்கு குறைந்தால் உயரம் சுமார் 4 மடங்கு ஆகும். நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒரு செயற்கைக்கோள் ஆழ்கடலில் அளந்த உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். நான்கு மடங்கு என்றால் ஆள் உயரத்தை மிஞ்சுகிறது. நடுக்கடலில் இருந்த படகுகள் அலையை உணராததும், கரையில் இருந்தவர்கள் உயிர் இழந்ததும் ஒரே சமன்பாட்டின் இரு முனைகள். கடற்கரையின் சரிவும் முகத்துவாரங்களின் வடிவும் அலையை மேலும் உயர்த்தியோ தாழ்த்தியோ விடும் என்பதால், ஓர் ஊருக்கான துல்லியமான உயரத்தை இந்த எளிய கணக்கு தராது. அதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் பிளஸ் ஒன் பாடத்துக்கு வெளியே எதுவும் இல்லை: பரிமாணம், ஆற்றல் அழிவின்மை, அலைகள் ஆகிய மூன்றும் முறையே முதலாவது, நான்காவது, பதினோராவது அலகுகளில் இருக்கின்றன. அவற்றை ஒரே கேள்வியில் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்புதான் மாணவருக்குக் கிடைப்பதில்லை.

தானே புயலும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயலில் கூரைகள் காற்றோடு போனதை இந்தப் பகுதியில் மறந்தவர் இல்லை. புயலில் கூரை ஏன் மேல்நோக்கிப் பெயர்கிறது என்பது, வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று சொல்லும் பெர்னோலி தேற்றத்தின் பயன்பாடாகப் புத்தகத்தில் மூன்று மதிப்பெண் விடையளவில் இருக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று என்றால் வினாடிக்கு 39 மீட்டர். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 900 நியூட்டன் அழுத்த வேறுபாடு. ஒரு சதுர மீட்டர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் எடை சுமார் 150 நியூட்டன்தான். ஆணியும் கட்டும் இல்லாமல் எடையை மட்டும் நம்பிய கூரை நிற்க வழியே இல்லை என்பது அந்த இரு எண்களைப் பக்கத்தில் வைத்தவுடன் தெரிந்துவிடும். மூன்று மதிப்பெண் விடையில் எண் கேட்கப்படுவதில்லை என்பதால், எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கமே ஏற்படாமல் போகிறது.

நெய்வேலியை ஒரு வரியாவது சொல்லாமல் விட முடியாது. அங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் ஆர்டீசியன் நீர், சுரங்கத் தரையை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் பிழைக்கும். பாய்ம அழுத்தம் என்ற தலைப்பை நடத்த இதைவிடப் பெரிய ஆய்வகம் எந்த மாவட்டத்துக்கும் வாய்க்கவில்லை.

பிளஸ் டூ வகுப்புக்கு வந்த பிறகு, முதல் ஆண்டின் இடைவெளி வட்டியோடு திரும்பி வருகிறது. கதிரியக்கச் சிதைவு விதியை எடுத்துக்கொள்வோம். சிதையும் வீதம், எஞ்சியிருக்கும் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதே விதி முழுவதும், மற்றவை தொகையிடல். இதே சமன்பாட்டை மாணவர் பிளஸ் ஒன் வகுப்பில் நியூட்டனின் குளிர்வு விதியாக ஏற்கெனவே எழுதியிருக்கிறார்: பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அது குளிர்கிறது. 30 டிகிரி அறையில் 80 டிகிரியில் வைத்த டம்ளர் காபி பத்து நிமிடத்தில் 55 டிகிரிக்கு இறங்கினால், அடுத்த பத்து நிமிடத்தில் 42.5 டிகிரிக்கு வரும். வேறுபாடு 50, 25, 12.5 என்று பாதி பாதியாகக் குறைகிறது. அணுக்கருவின் அரை ஆயுட்காலம் என்பதும் இதுவே. வகையிடல் புரிந்தவருக்கு இரண்டும் ஒரே பாடம். மனப்பாடம் செய்தவருக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வரும் இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள். படிக்க வேண்டிய அளவு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

பிளஸ் ஒன் பாடத்தைப் பல பள்ளிகள் மேலோட்டமாக நடத்திவிட்டு, முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்கவே 2017-18 முதல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பொதுத்தேர்வு வேண்டாம் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் பிளஸ் டூ பாடம் நிலைமின்னியலில் தொடங்குகிறது. அங்கே முதல் வாரத்திலேயே வெக்டர் கூட்டலும், மின்னழுத்தத்தை வருவிக்கத் தொகையிடலும், இருமுனைக்கு ஈருறுப்புத் தோராயமும் தேவைப்படுகின்றன. தேர்வு போனதால் பிளஸ் ஒன் இயற்பியலும் போய்விடுமானால், இழப்பு நீட் எழுதுபவருக்கு மட்டும் அன்று.

கடலூரிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள புதுச்சேரியில் கதை வேறு விதமாகத் திரும்பியிருக்கிறது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிவந்த அரசுப் பள்ளிகள், 2023-24 முதல் படிப்படியாகச் சிபிஎஸ்இ முறைக்கு மாறின. அந்த முறையில் அரசுப் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்கள் 2025-இல் முதன்முறையாகப் பொதுத்தேர்வு எழுதினர். தனியார் பள்ளிகள் பலவற்றில் இன்றும் தமிழ்நாட்டுப் புத்தகமே. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டி வந்துபோகும் பிள்ளைகள் ஒரே டியூஷன் வகுப்பில் இரண்டு வகைப் புத்தகங்களோடு உட்காருவது இங்கே சாதாரணக் காட்சி.

இரண்டு வினாத்தாள்களும் 70 மதிப்பெண்ணுக்கு உரியவையே. தமிழ்நாட்டுத் தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் ஒன்பதில் ஆறு, பிறகு இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நெடுவினாக்கள். நெடுவினாக்களுக்கு மட்டும் 25 மதிப்பெண். அவற்றில் பெரும்பகுதி புத்தகத்தில் உள்ள டெரிவேஷன்களே. சிபிஎஸ்இ தாளில் நெடுவினாவுக்கு 15 மதிப்பெண்தான். கூற்று - காரணம் வினாக்களும், ஒரு பத்தியைப் படித்து விடையளிக்கும் வினாக்களும் உண்டு. முதல் தாள் நினைவில் உள்ள வழிமுறையைக் கேட்கிறது, இரண்டாவது அந்த வழிமுறை எப்போது செல்லும் என்று கேட்கிறது. இந்த வேறுபாட்டை வைத்துப் புதுச்சேரி முறையே உயர்ந்தது என்று சொல்லிவிடத் தயங்குகிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழில் அறிவியல் படித்த பிள்ளை, ஆங்கிலப் புத்தகத்தில் கூற்று எது, காரணம் எது என்று பிரிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. தமிழ்நாட்டுப் புத்தகம் தமிழில் இருக்கிறது. உந்தம், நிலைமம், திருப்புவிசை, மின்தூண்டல் என்று அதன் சொற்களும் நன்கு நிலைபெற்றவை. நீட் வினாத்தாளையும் தமிழில் பெற முடிகிறது. மொழி கைகொடுக்கும் இடத்தில் வினாத்தாள் மனப்பாடத்தை ஊக்குவிக்கிறது. வினாத்தாள் சிந்திக்கச் சொல்லும் இடத்தில் மொழி கைவிடுகிறது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் இழக்கிறார்கள்.

இதற்கு நான் காணும் வழி பெரிய சீர்திருத்தம் எதையும் கேட்பதன்று. பிளஸ் ஒன் வகுப்பின் முதல் மூன்று வாரங்களை, எந்தக் குரூப்பாக இருந்தாலும், இயற்பியல் ஆசிரியரே வரைபடச் சாய்வு, வளைகோட்டின் கீழ்ப் பரப்பு, வெக்டர்களைக் கூறுகளாகப் பிரித்தல் ஆகிய மூன்றுக்கும் கொடுத்துவிட வேண்டும். கணித நிறுவல்கள் வேண்டியதில்லை. கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்தின் தொலைவு - நேர வரைபடத்தை வரையச் சொல்லி, எங்கே சாய்வு அதிகம், எங்கே சுழி, எங்கே குறைகிறது என்று பேசினாலே வகையிடல் பாதி வந்துவிடும். அந்த மூன்று வாரத்தை இழந்ததாக நினைக்க வேண்டாம். அடுத்த இருபது மாதங்களில் ஒவ்வொரு அலகிலும் அது திரும்பக் கிடைக்கும்.

செய்முறை வகுப்பு குறித்தும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ செய்முறைகளில் தொடுகோட்டு கால்வனாமீட்டர் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அது பூமியையே அளக்கிறது. கம்பிச்சுருளின் தளத்தைக் காந்த வடக்கு - தெற்காக நிறுத்தி, மின்னோட்டம் செலுத்தி, ஊசி எத்தனை டிகிரி விலகுகிறது என்று பார்த்தால் புவிகாந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு கிடைக்கிறது. 50 சுற்றும் 8 சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட சுருளில் 0.1 ஆம்பியர் சென்றால், நம் பகுதியில் ஊசி ஏறத்தாழ 45 டிகிரி விலகும்; கிடைத்தளக் கூறு 4×10⁻⁵ டெஸ்லா அளவில் இருப்பதே காரணம். புவியின் காந்தப் புலம் முற்றிலும் கிடையாக இருக்கும் கோடான காந்த நடுவரை தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், இங்கே புவியின் காந்தப் புலம் பெரும்பாலும் கிடையாகவே படுத்திருக்கிறது. கேரளத்தின் தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் காந்த நடுவரையின் அண்மையே காரணம். இவ்வளவும் சொல்ல இடம் தரும் இந்தச் சோதனையில், விடை எவ்வளவு வர வேண்டும் என்று மாணவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் அந்த விடை வரும்படி கோணங்கள் பின்னோக்கி எழுதப்படுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் செய்முறை வகுப்பில் ஒரு மாணவிக்கு மட்டும் எதிர்பார்த்த விடை வரவில்லை. நான்கு அளவீடுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளைகள் தங்கள் அளவீட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் எழுதவில்லை. ஊசியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மேசை மேல் கிடந்த தன் தகர ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக் கீழே பைக்குள் வைத்தார். ஊசி மூன்று டிகிரி நகர்ந்து நின்றது. "மேடம், இது இரும்புங்க, அதான் இழுத்திருக்கு" என்றார். பிறகு எழுதியிருந்த நான்கையும் அடித்துவிட்டு, சுருளின் தளத்தை மறுபடியும் வடக்கு - தெற்காகத் திருத்தி, முதல் அளவீட்டிலிருந்து எடுக்கத் தொடங்கினார்.